கட்டிலைச் சுற்றி ஒரு மன்றம்

பதினேழாவது அத்தியாயம்

பேக்கரிக்காரர் ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டதில் ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் உள்ளூர நிம்மதி. அவர் நம் உபதலைவர்.

கெட்ட மனிதர் என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். பழம் வாங்கிக்கொண்டு முதல் ஆளாகப் போய்ப் பார்த்தவரும் அவர்தான். ஆனால் கட்டிலருகே உட்கார்ந்து, நன்றாக ஓய்வெடுங்கள், மன்றத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று சொன்னபோது அவர் குரலில் வழிந்த கனிவு முழுவதும் மாவுக்கட்டுப் போட்ட காலுக்கானது அல்ல.

காரணம் வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் நகரமன்றத்தில் உறுப்பினர்கள் ஏழு பேர். தலைவர், ஊரே அண்ணி என்று கூப்பிடுகிற ஓய்வுபெற்ற நர்ஸ். உபதலைவர், அவருடைய சொந்தக் கொழுந்தன். எதற்கெடுத்தாலும் எழுந்து நின்று ஒரு தீர்மானம் கொண்டுவருகிற பழக்கத்தால் அவருக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் 'தீர்மானம்'. மழை பெய்தால் பள்ளத் தெரு வீடுகளுக்குள் சாக்கடைத் தண்ணீர் கேட்காமல் நுழைந்துவிடும். அதற்காக வெட்ட வேண்டிய வடிகால் நேராகப் போனால், வழியில் ஒரு தச்சுப் பட்டறையின் முன்பாதி நிற்கிறது. பட்டறை தலைவரின் கணவருடையது. அதாவது உபதலைவரின் அண்ணனுடையது.

சொந்தபந்தம் சம்பந்தப்பட்ட விஷயம் வந்தால், அந்த உறுப்பினர் அதைப் பற்றிப் பேசக் கூடாது, ஓட்டுப் போடக் கூடாது, எழுந்து வெளியே போய்விட வேண்டும். இது விதி. ஆகவே வடிகால் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் தலைவரும் உபதலைவரும் வெளியே போவார்கள். இன்னொரு உறுப்பினர் மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போனவர், பேத்தி முகத்தைப் பார்த்ததும் ஊரை மறந்துவிட்டார். பேக்கரிக்காரர் கட்டிலில். மிச்சம் மூன்று பேர். குறைந்தது நாலு பேர் இல்லாமல் எதையும் முடிவு செய்ய முடியாது. எனவே சட்டப்படி, முறைப்படி, மிகுந்த கண்ணியத்தோடு வடிகால் கிடப்பில் கிடந்தது.

இந்தக் கணக்கை முதலில் கண்டுபிடித்தவர் உபதலைவர். ஒவ்வொரு கூட்டத்திலும் வடிகால் வந்ததும், அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நேர்மையின் சிலை நடந்து போவதுபோல அவர் வெளியே போகிற அழகைப் பார்க்கவே இரண்டு பேர் வருவார்கள். அண்ணனிடம் அவர் சொன்னது ஒரே வார்த்தைதான். "நான் பார்த்துக்கறேன்."

போன வாரம் அண்ணி, மன்றக் கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டினார். அடுத்த கூட்டம் பேக்கரிக்காரர் வீட்டில், அவர் கட்டில் கிடக்கும் அறையில் நடக்கும். ஊர் எல்லைக்குள் எங்கே வேண்டுமானாலும் மன்றம் கூடலாம் என்று விதியில் இருக்கிறதாம். அதே விதிப் புத்தகத்தை உபதலைவரும்தான் வைத்திருந்தார். மேஜையின் ஆடுகிற காலுக்கு அடியில்.

அந்தக் கூட்டத்தின் நாள் இன்று.

காலையில் மாடியிலிருந்து உபதலைவர் இறங்கி வந்தபோது கீழ்வீட்டில் வழக்கமான மௌனம். அண்ணன் ஒரு பக்கம் டீயைப் பார்த்துக் குடித்துக்கொண்டிருந்தார். அண்ணி இன்னொரு பக்கம் நின்று புடவைக்குப் பின் குத்திக்கொண்டிருந்தார். இருவரும் பேசிப் பல நாட்கள் ஆகின்றன. உப்பு வேண்டுமென்றால் அண்ணன் எழுந்து போய் எடுத்துக்கொள்வார். மின்சாரம் போனால் ஆளுக்கொரு டார்ச் எடுத்துக்கொள்வார்கள். சண்டை என்றால் சத்தம் இருக்க வேண்டும், பாத்திரமாவது உருள வேண்டும். இதில் அதுவும் இல்லை. அண்ணி டம்ளரை நீட்டுவார், அண்ணன் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான்.

பட்டறைக்காகத்தான் இந்த யுத்தம் என்று உபதலைவர் என்றைக்கோ முடிவுகட்டியிருந்தார். பதவிக்காகப் புருஷனின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடத் துணிந்த பெண்மணி என்று அண்ணியைப் பற்றி மனைவியிடம் இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சொன்னபோது மனைவி, சொல்வதைக் கீழே போய் அண்ணியிடமே சொல்லுங்களேன் என்றார். அதோடு அந்த விவாதம் ஒத்திவைக்கப்பட்டது.

இன்று உபதலைவருக்குக் கவலை இல்லை. கட்டிலருகே கூடினால் என்ன, கிணற்றடியில் கூடினால் என்ன? ஓட்டுப் போடப் போகிற நாலு பேரில் மருந்துக்கடை அம்மா பள்ளத் தெருவாசி, வடிகால் வேண்டும் என்பார். பேக்கரிக்காரரும் அந்தப் பக்கம் சாய்ந்தாலும் இரண்டு ஓட்டு. லாரி முதலாளியையும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டரையும் உபதலைவர் தனித்தனியாகப் போய்ப் பார்த்து, நட்பு முறையில் நாலு வார்த்தை பேசியிருந்தார். இருவரும் சரி என்றிருந்தார்கள். இரண்டுக்கு இரண்டு. சமமானால் தீர்மானம் தோற்றது என்று அர்த்தம். விதிப்படி பேசக் கூடாதே என்று கேட்டால், அது அறைக்குள் பேசுவதைத்தான் சொல்கிறது என்பது அவருடைய சட்ட ஞானம்.

கிளம்பும்போது அண்ணனிடம் காதோடு காதாக, நீ வர வேண்டாம், எல்லாம் ஏற்பாடாகிவிட்டது என்றார். அண்ணன் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார்.

பேக்கரிக்காரர் வீடு பேக்கரிக்குப் பின்னால். அறை முழுக்கச் சூடான ரொட்டி வாசனை. கடையிலிருந்து நாற்காலிகள் வந்திருந்தன, இரண்டு மட்டும் ஜோடி. குமாஸ்தாவுக்கு மேஜை இல்லாததால் தையல் மெஷின் மூடியின் மேல் நோட்டை விரித்திருந்தார். பேக்கரிக்காரர் தலையணைகளில் சாய்ந்து, பெருமை தாங்காமல், மாப்பிள்ளை மாதிரி முடியை வாரிக்கொண்டு படுத்திருந்தார்.

உபதலைவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மன்றத்தின் மாண்பு என்று ஒன்று இருக்கிறதே, அதைப் படுக்கையறைக்குள் கொண்டுவரலாமா என்று ஓர் ஆட்சேபம் எழுப்பினார்.

"மாண்பை அங்கேயே செருப்போட விட்டுட்டு உள்ள வாங்க. வழியில நிக்காதீங்க" என்றார் மருந்துக்கடை அம்மா.

அண்ணி எதையும் கவனிக்கவில்லை. அவர் முதலில் பார்த்தது நிகழ்ச்சி நிரலை அல்ல, மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை. அசைக்கச் சொன்னார். அசைந்தன. காலுக்கடியில் இன்னொரு தலையணை வைக்கச் சொன்னார். அப்புறம்தான் கூட்டம் ஆரம்பம்.

முதலில் சில்லறை விஷயங்கள். முடிதிருத்துபவர் கடை முன்னால் பந்தல் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டிருந்தார். நடப்பவர்கள் தலையில் இடிக்காத உயரத்தில் போட்டால் சரி என்று முடிவாயிற்று. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை வேண்டும், வேண்டாம் என்று லாரி முதலாளி தனக்குத்தானே வாதாடி, கடைசியில் தானே வேண்டும் என்று கையைத் தூக்கினார். மூன்றாவது, பஸ் நிலைய விளக்கு. அது எரியவில்லை.

உபதலைவர் எழுந்தார். விளக்கு என்பது வெறும் விளக்கல்ல என்று ஆரம்பித்தார். நாகரிகத்தின் தொட்டிலில் மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த இடத்திலிருந்து புறப்பட்டு, மெதுவாக பஸ் நிலையத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார். அண்ணி தலையை ஆட்டிக் கேட்டபடியே போனில் ஏதோ தட்டினார். உபதலைவர் மின்சாரம் வரை வந்து சேர்ந்தபோது போன் மெல்ல அதிர்ந்தது. அண்ணி படித்தார்.

"ரொம்ப நல்லா சொன்னீங்க தம்பி. லைன்மேன் பல்பை மாத்திட்டாராம். எரியுதாம். அடுத்தது?"

பேக்கரிக்காரர் சிரித்ததில் காலில் வலித்து, "ஐயோ" என்றார். குமாஸ்தா அதையும் எழுதப் போனார். அண்ணி வேண்டாம் என்று கையசைத்தார்.

அடுத்தது வடிகால்.

அண்ணி எழுந்து நாற்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்தார். இந்த விஷயத்துக்கு உங்களில் ஒருவரைத் தலைமைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அறையில் அசையாமல் இருக்கக்கூடியவர் ஒருவர்தான் என்பதால் பேக்கரிக்காரர் ஒருமனதாகத் தேர்வானார். உபதலைவர் அங்கவஸ்திரத்தை உதறினார். அந்தச் சின்ன அறையில் அது ஸ்டேஷன் மாஸ்டரின் கண்ணாடியைத் தட்டிவிட்டது. நேர்மையின் சிலை குனிந்து தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியேறியது.

தெருவில் நல்ல வெயில். பேக்கரிக்காரர் அறையின் ஜன்னல் தெருப்பக்கம்தான், திறந்தே இருந்தது. உபதலைவர் காலாற நடப்பவர்போல இரண்டடி அந்தப் பக்கம் நகர்ந்தார். சட்டைக் கையை யாரோ பிடித்து இழுத்தார்கள். அண்ணி.

"காது கேக்காத தூரத்துல நிக்கணும் தம்பி."

எதிர்ச்சாரியில், பூட்டியிருந்த ஒரு கடையின் நிழலில் இருவரும் நின்றார்கள். தலைவர் தெருவில் நிற்கிறார் என்றால் ஊர் விடுமா? ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, குழாயில் தண்ணீர் பழுப்பாக வருவதைச் சொன்னாள். எந்த வேளையில், முதலில் வருவதா எப்போதுமா என்று அண்ணி கேட்டுக்கொண்டார், போகும்போது குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இருக்கிறதே, காட்டினாயா என்றார். ஒரு கிழவர் பிறப்புச் சான்றிதழில் தன் வயது கூடிவிட்டதாகப் புகார் சொன்னார். வயசு எல்லாருக்கும்தான் கூடுகிறது என்று உபதலைவர் சொல்லப் போன நகைச்சுவையை அண்ணி முந்திக்கொண்டு, ஆபீசில் எந்த ஜன்னலுக்குப் போய் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

உபதலைவர் பக்கத்தில் நின்று பார்த்தார். இத்தனை வருஷமாக மேடையில் அண்ணிக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே கவனமெல்லாம் அடுத்துத் தான் பேசப்போவதில்தான் இருக்கும். இன்றைக்குப் பேச ஒன்றும் இல்லாததால் வேறு வழியில்லாமல் அண்ணியைக் கவனித்தார். யாரையும் அவர் 'பார்க்கலாம்' என்று சொல்லி அனுப்பவில்லை. முடியும் என்றார், அல்லது முடியாது, இன்ன காரணம் என்றார். முடியாது என்ற பதிலைக் கேட்டவர்கள்கூடக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். உபதலைவர் எல்லோரிடமும் முடியும் என்றே சொல்லி வந்திருக்கிறார். அவரை யாரும் இப்படிக் கும்பிட்டது இல்லை.

பள்ளத் தெருக்காரர் ஒருவர் வந்து, வடிகால் என்ன ஆச்சும்மா என்று கேட்டார்.

"அதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. அந்த விஷயத்துல நான் வெளியாள். உள்ள நடக்குது, போய் உக்காந்து கேளுங்க, தடை இல்ல" என்றார் அண்ணி.

பள்ளத் தெருக்காரர் உள்ளே போனார். அவருக்குப் பின்னாலேயே, சட்டையெல்லாம் மரத்தூளோடு, வேகமாக நடந்து வந்தவர் அண்ணன்.

அவர் நிழலில் நின்ற இருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். பட்டறைக்காரர் என்ற முறையில் மன்றத்தில் பேச அவருக்கு உரிமை உண்டு. உபதலைவர் நிழலைவிட்டு இரண்டடி முன்னால் போய்த் திரும்பி வந்தார். நாலு பேர் முன்னால் பேசத் தெரியாத மனிதர், கெஞ்சி அழுது வைத்தால் மானம் போகுமே.

"அண்ணன் எதுக்கு வந்தாரு?"

"தெரியல தம்பி."

"உங்ககிட்ட சொல்லலையா? சரி, எப்படிச் சொல்வாரு. பட்டறை போகப்போற கோவத்துல உங்ககூடப் பேசறதையே நிறுத்திட்டாரே."

அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரியில், மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்துவைத்திருக்கும் நோயாளியைப் பார்க்கிற பார்வை.

"கோவம்னு யார் சொன்னது? நான்தான் சொன்னேன். முடிவாகற வரைக்கும் பட்டறையைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசாதீங்க, எதுவா இருந்தாலும் மன்றத்துல வந்து சொல்லுங்கன்னு. மன்றத்துல எழுந்து வெளியே போயிட்டு, வீட்ல சோறு போடறப்ப அதையே பேசினா, வெளியே போனதுக்கு என்ன அர்த்தம்?"

"அது சரி. மத்த விஷயம் பேசலாமே?"

"பேசலாம். உங்க அண்ணனுக்குப் பட்டறையை விட்டா வேற பேச்சு ஏது?" அண்ணி பெருமூச்சு விட்டார். "ஒரு நாள் வானத்தைப் பார்த்து, மழை வரும்போல இருக்குன்னாரு. அதுவும் வடிகால்ல போய்தான் முடியும்னு அவருக்கே தோணிப்போச்சு. நிறுத்திக்கிட்டாரு."

விதி என்பதை உபதலைவர் இதுவரை ஒரு கதவாக நினைத்திருந்தார், அதைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் தீர்ந்தது. இந்தம்மா அதை வீட்டுக்குக் கொண்டுபோய், அடுப்படிக்கும் படுக்கைக்கும் நடுவில் நட்டுவைத்து, இத்தனை நாள் அதற்கு இந்தப் பக்கமாகவே நின்றிருக்கிறார். அதுவும் யாரும் பார்க்காத இடத்தில். கைதட்ட ஆள் இல்லாத இடத்தில் ஒருவர் நேர்மையாக இருப்பார் என்பது உபதலைவருக்குப் புதிய செய்தி.

லாரி முதலாளியின் ஆபீசில் குடித்த டீ ஏனோ இப்போது நெஞ்சைக் கரித்தது.

வாசலில் குமாஸ்தா தெரிந்தார். தெருவைக் கடந்து வந்தார்.

"முடிஞ்சுதும்மா. தீர்மானம் நிறைவேறிடுச்சு. மூணுக்கு ஒண்ணு. நேர்கோடுதான்."

உபதலைவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். மூணுக்கு ஒண்ணா? மாறினது லாரி முதலாளியா, ஸ்டேஷன் மாஸ்டரா?

குமாஸ்தா நடந்ததைச் சொன்னார். வளைத்துக் கொண்டுபோகலாமே, பட்டறை தப்பிக்குமே என்று ஸ்டேஷன் மாஸ்டர் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் உள்ளே வந்தாராம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. பள்ளத் தெருவில் மழைக்கு மழை கதவுகள் ஊறி உப்பிப் போகின்றன, ஒவ்வொரு முறையும் புதுக் கதவு மாட்டப் போவது தான்தான், ஒரே வீட்டுக்கு மூன்று தடவை மாட்டியாகிவிட்டது, அந்த வீட்டுக்காரி இப்போதெல்லாம் கதவு எப்படி என்று கேட்பதில்லை, அடுத்தது எப்போது என்றுதான் கேட்கிறாள் என்றாராம். அந்தக் கூலியை வாங்கக் கை கூசுகிறது. வளைத்தால் வளைவில் அடைக்கும், மறுபடி தண்ணீர் ஏறும். நேராகவே போங்கள்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரும்மா. கடப்பாரையோட ஆள் அனுப்பாதீங்க, நான் மாட்டின கதவையும் கூரையையும் நானே கழட்டிக்கறேன்னாரு. ஸ்டேஷன் மாஸ்டர் அப்புறம் வாயே திறக்கல. கையைத்தான் தூக்குனாரு."

அண்ணி புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார். சரியாக இருந்ததையே இரண்டாம் முறையும் சரிசெய்தார்.

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். நேராக இவர்களிடம் வந்து மனைவிக்கு முன்னால் நின்றார். இனிப் பேசலாம்தானா என்ற சந்தேகம் முகத்தில் இருந்தது.

"இப்பப் பேசலாமா?"

"பேசலாம்."

அண்ணன் யோசித்தார். இத்தனை நாள் சேர்த்துவைத்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அந்தப் பெரிய ரம்ப மெஷினை எங்க வைக்கறதுன்னு தெரியல" என்றார் கடைசியில்.

"பார்க்கலாம்ங்க" என்றார் அண்ணி. யாரிடமும் சொல்லாத அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை உபதலைவர் கவனித்தார். அண்ணி தொடர்ந்தார். "ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கு ஓட்டு இருந்திருந்தா, வேண்டாம்னுதான் போட்டிருப்பேன். தினம் ராத்திரி யோசிச்சுப் பார்த்துட்டேன், ஒவ்வொரு தடவையும் உங்க பக்கம்தான் கை போச்சு. அதனாலதான் வெளியே நின்னேன்."

அண்ணன் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது. பாதிப் பட்டறையைப் பறிகொடுத்தவர் மாதிரியே இல்லை. தோளிலிருந்த மரத்தூளை அண்ணி தட்டிவிட்டார். நடுத்தெருவில், ஊர் பார்க்க.

இந்தப் பெண்மணிக்கு ஒரு பாராட்டுத் தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று உபதலைவருக்குத் தோன்றியது. வாயைக்கூடத் திறந்துவிட்டார்.

குமாஸ்தா கனைத்தார். அவர் இன்னும் போகவில்லை.

"இன்னொரு விஷயம்மா. எதிர்த்து ஓட்டுப் போட்டது லாரி முதலாளி. காரணத்தோட எழுதிக்கணும்னு வற்புறுத்துனாரு. 'உபதலைவர் என் ஆபீசுக்கே வந்து கேட்டுக்கிட்டாரு. வாக்குக் கொடுத்துட்டேன், கொடுத்த வாக்கை மாத்தற ஆள் நான் இல்ல'ன்னாரு. ரொம்பப் பெருமையாச் சொன்னாரு."

"எழுதிட்டீங்களா?"

"எழுதி, வாசிச்சுக் காட்டி, கையெழுத்தும் வாங்கிட்டேன்."

அண்ணி மெல்லத் தலையசைத்தார். "அப்போ அடுத்த கூட்டத்துல அதை எடுத்துத்தான் ஆகணும்."

"அண்ணி, அது வந்து, நட்பு முறையில சும்மா..."

அண்ணி கையைத் தூக்கினார். முகத்தில் கோபம் இல்லை. வலிக்கும் என்று தெரிந்தும் ஊசி போடுகிறவரின் அமைதிதான் இருந்தது.

"தம்பி, இதைப் பத்தி இனிமே என்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. வீட்லயும் கூடாது. சொல்ல வேண்டியதை மன்றத்துல வந்து சொல்லுங்க."

சொல்லிவிட்டு, மீதி வேலையை முடிக்க உள்ளே போய்விட்டார். குமாஸ்தாவும் பின்னாலேயே போனார்.

உபதலைவர் வெயிலில் நின்றார். அந்த ஆபீசுக்குப் போகவில்லை என்று சொன்னால், வாக்குத் தவறாத லாரிக்காரர் ஊர் முன்னால் பொய்யராவார். போனேன் என்றால், அங்கவஸ்திரத்தை உதறிக்கொண்டு இத்தனை முறை வெளியே நடந்தது எதற்கு என்று கேட்பார்கள். இரண்டில் எதைச் சொல்லப் போகிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்றால், எல்லாச் சிக்கலுக்கும் அவர் கேட்கப் போகும் ஒரே ஆள் இப்போதுதான் உள்ளே போனார்.

அண்ணன் தம்பியின் தோளில் கையைப் போட்டார். மரத்தூள் அங்கவஸ்திரம் முழுக்க ஒட்டிக்கொண்டது.

"பழகிடும்டா" என்றார். "முதல் ரெண்டு மூணு நாள்தான் கஷ்டம்."